வாட்ச் கட்டிய கை

முத்துப்பேட்டை
14.2.2025

மதிக்கு,

நீ நலமா என்று கேட்டால் "உனக்கெதுக்கு?" என்பாய். அதனால் கேட்கவில்லை.

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். உன் அண்ணி கயல்விழி போனிலிருந்து கூப்பிட்டால் அவளிடம் பத்து நிமிஷம் பேசுகிறாய், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். சரி, தபால் ஆபீசில் பதினாலு வருஷமாக முத்திரை குத்துகிறவனுக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியாதா என்ன? பிரிக்காமல் திருப்பி அனுப்பினாலும் அது என் மேஜைக்குத்தான் வரும், ஞாபகம் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீ செய்தது நியாயமா? அம்மா போய்ப் பதினாறாம் நாள். நம் வீட்டில் ஐயரும் இல்லை, பிண்டமும் இல்லை. தாத்தா காலத்திலிருந்து படத்தைத் திறந்து வைத்து நாலு பேர் பேசுவதோடு சரி. அந்த நாலு பேரில் இரண்டாவது ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து, "இது எங்கம்மா இல்ல, யாரோ பொம்பள" என்று கத்திவிட்டுப் போனாய். மைக்குக்குப் பக்கத்தில் நின்று கத்தினாய். சமுதாயக்கூடத்துக்கு வெளியே டீக்கடை வரைக்கும் கேட்டதாம்.

படம் அழகாக இருப்பதில் என்ன தப்பு? பெரியப்பா அசந்துபோய் "யாருடா செஞ்சது? ராணியாட்டம் இருக்காளே!" என்றார். இத்தனை வருஷம் அடுப்படியில் கிடந்தவளைப் போனபிறகாவது பட்டுப்புடவையில் உட்கார வைக்கக் கூடாதா?

அப்பா தினமும் உன்னைக் கேட்கிறார்.

பரிதி


ஓசூர்
22.2.2025

அண்ணனுக்கு,

திருப்பி அனுப்பத்தான் இருந்தேன். உன் கைக்கே வரும் என்று எழுதியிருந்ததால் பிரித்தேன்.

அழகு என்கிறாய். அந்த நீலப் பட்டு அம்மாவுடையதா? அந்த நாற்காலி நம் வீட்டில் எங்கே இருக்கிறது? அதெல்லாம் போகட்டும். அந்தக் கையைப் பார்த்தாயா? நாற்காலிக் கைப்பிடியில் வைத்திருக்கும் இடது கை. வெள்ளை வெளேரென்று. அதில் ஒரு வாட்ச்! அம்மாவின் இடது ஆள்காட்டி விரலில் பாதி நகம் கிடையாது. கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்டுப் போன நகம். அந்த விரலால்தான் எனக்குத் தலை வாரி வகிடு எடுப்பாள். முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உழைத்த கையைத் தூக்கி எறிந்துவிட்டு, யாரோ ஒரு சீமாட்டியின் கையை ஒட்டியிருக்கிறாய். அம்மா வாட்ச் கட்டி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

கூடவே நீ அச்சடித்துக் கொடுத்தாயே, வாழ்க்கைக் குறிப்பு. "அம்சவல்லி, வீரையன் அவர்களின் துணைவியார். ஒரு மகன், ஒரு மகள். சிறந்த இல்லத்தரசி. விருந்தோம்பலில் நிகரற்றவர்." அறுபத்தொரு வருஷத்துக்கு நாலு வரி! நம் மாட்டைப் பற்றி எழுதச் சொன்னால்கூட நீ ஒரு பக்கம் எழுதுவாய்.

எல்லாரும் பாராட்டும்போது "நான்தான் பெரியப்பா செய்யச் சொன்னேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாய். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு உட்கார முடியவில்லை.

அந்தப் படம் சுவரில் இருக்கும்வரை நான் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். அப்பாவிடம் இதையே சொல்.

மதிவதனி


முத்துப்பேட்டை
1.3.2025

மதி,

திட்டி முடித்தாயிற்றா? இப்போது நான் சொல்வதைக் கேள். சிரிக்கக் கூடாது.

அந்தப் படத்தை நான் செய்யச் சொல்லவில்லை.

சத்தியமாக. அம்மா போன மறுநாள் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கிற ஜாஃபர் சாதிக் பாய் ஸ்டுடியோவுக்குப் போனேன். கையில் இருந்தது உன் கல்யாணப் படம் ஒன்றுதான். அதிலும் அம்மா ஓரத்தில் பாதித் தோளாக நிற்கிறாள். வேறு படம் கிடைத்தால்தானே! ஒன்றில் உனக்குச் சோறு ஊட்டுகிறாள், முகம் திரும்பியிருக்கிறது. ஒன்றில் யாருடைய மொய்ப் பையோ மறைக்கிறது. ஆதார் படம் உனக்கே தெரியும், அதை மாட்டினால் அம்மாவே எழுந்து வந்து கழற்றுவாள். பாய் என் கையில் இருந்ததை வாங்கிப் பார்த்தார். "நீங்க போங்க தம்பி, நான் பாத்துக்கிறேன், நேரா கூடத்துக்கே கொண்டாந்துடுறேன்" என்றார். துணி போட்டு மூடித்தான் கொண்டு வந்து வைத்தார். துணியை விலக்கியபோது உன்னைப் போலத்தான் நானும் முதல் தடவை பார்த்தேன். அப்போது பெரியப்பா கேட்டார். சபையில் என்னமோ வாயில் வந்துவிட்டது. வாங்காத நல்ல பேரை வாங்கிக்கொண்டேன். புத்தி கெட்ட வேலைதான்.

அப்பா செய்யச் சொல்லியிருப்பார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நேற்றுக் கேட்டால், "நீதானடா கொண்டாந்தே, என்னைக் கேக்கிறே?" என்கிறார். "எடுத்துடவாப்பா, மதி கோவமா இருக்கா" என்றேன். "அதுல கை வெச்சே, எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்றார். தினமும் அதன் எதிரில்தான் பேப்பர் படிக்கிறார்.

நானும் இல்லை, அப்பாவும் இல்லை. நீயா? நீயாக இருந்தால் கத்தியிருக்க மாட்டாய். அப்புறம் யார்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பரிதி


ஓசூர்
9.3.2025

அண்ணே,

சிரிக்கவில்லை. நம்பவா வேண்டாமா என்று தெரியவில்லை. சின்ன வயதில் சர்க்கரை டப்பாவைக் காலி பண்ணிவிட்டு எறும்பு மேல் பழி போட்டவன் நீ.

பாய் தானாகவா செய்வார்? வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவில்தானே அந்தக் கடை இருக்கிறது? பதினாறு நாளும் போய், அதற்கப்புறம் மூணு வாரமும் போய், ஒரு வார்த்தை அவரைக் கேட்கத் தோன்றவில்லையா உனக்கு? உன்னை மாதிரி ஆள்களை நம்பித்தான் அம்மா குடும்பம் நடத்தியிருக்கிறாள்.

ஒன்று சொல்கிறேன். படத்தின் மேல் இருந்த கோபம் கொஞ்சம் அடங்கியபிறகு, எந்தப் படம்தான் அம்மா என்று யோசித்துப் பார்த்தேன். முகம் வரவில்லை அண்ணே. கை வருகிறது, குரல் வருகிறது, "சாப்டியா?" வருகிறது. அவளுக்குப் பிடித்த நிறம் எது? தெரியவில்லை. உனக்குத் தெரியுமா? கல்யாணத்துக்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாள்? "சும்மாதான் இருந்தேன்" என்பாள். அவள் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லையே, எப்படி அதை நம்பினேன்?

போய்க் கேள்.

மதி


முத்துப்பேட்டை
17.3.2025

மதி,

கேட்டுவிட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாமோ என்று இருக்கிறது. பாய் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயே படித்துக்கொள்.

போன ஆவணியில் அம்மா மகளிர் குழுவுக்கு பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கப் போயிருக்கிறாள். அப்போது பாய் கம்ப்யூட்டரில் செத்துப்போன ஒரு அம்மாவுக்கு நெக்லஸ் மாட்டிக்கொண்டிருந்தாராம். அம்மா கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறாள்.

"செத்தவங்களுக்கு நகை போடுறீங்களே பாய், அவங்களைக் கேட்டுத்தான் போடுறீங்களா?"

"யாரைப் போயிக் கேக்கறதும்மா? அவங்கதான் போய்ட்டாங்களே."

"நான் இருக்கேன்ல? என்னைக் கேட்டுப் போடுங்க."

பாய் சிரித்துவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். "நகை ஒண்ணும் வேணாம். வாட்ச் கட்டுன கை இருக்கா?" என்றாளாம் அம்மா.

முகம் ஒட்டுவதற்கென்று கம்ப்யூட்டரில் இருபத்தேழு பெண் உடம்பு வைத்திருக்கிறார் பாய், எல்லாவற்றுக்கும் ஆரம், வளையல், மோதிரம். ஒன்றிலும் வாட்ச் இல்லை. "அவங்க முகம் வாடிப்போச்சு தம்பி. எனக்கு மனசு கேக்கல. எங்க வீட்டு அம்மாவை உக்கார வெச்சு, அவங்க வாட்சைக் கட்டச் சொல்லி, கையை மட்டும் எடுத்து ஒட்டிக் குடுத்தேன்" என்றார். நீ சொன்ன சீமாட்டி பாயுடைய மனைவி. உள்ளேயிருந்து அவங்க, "அப்ப ஒரு மாசமா என் கைக்கா மாலை போட்டீங்க? நான் உசுரோடதான் இருக்கேன்!" என்றார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நடுக்கடையில் நின்றுகொண்டு இரண்டையும் செய்தேன்.

யாரிடமும் சொல்லக் கூடாது, சேதி வந்தால் நேரே கொண்டு வந்து வைத்துவிட வேண்டும் என்று அம்மா வாக்கு வாங்கியிருக்கிறாள். நான் போய் நின்றதும் அதனால்தான் "நான் பாத்துக்கிறேன்" என்றிருக்கிறார்.

நெஞ்சுவலி வந்தது தை மாதம். ஆவணியில் அம்மா நன்றாகத்தானே இருந்தாள்? குறுவை அறுப்புக்கு ஆள் வைத்து, சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாளே! நமக்குத் தெரியாமல் அவளுக்கு ஏதாவது தெரியுமா? அப்புறம், ஏன் வாட்ச்? ஒரு கம்மல் கேட்டிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும்.

பரிதி


ஓசூர்
23.3.2025

அண்ணே,

இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"இது எங்கம்மா இல்ல" என்று அம்மாவே ஆசைப்பட்டுச் செய்து வைத்ததைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். அவளை எனக்குத்தான் தெரியும் என்று எவ்வளவு திமிர்! பாதி நகம்தான் அம்மா என்று நான் முடிவு செய்துவிட்டேன். அவள் அந்த நகத்தையே வேண்டாம் என்றிருக்கிறாளே.

ஆனால் வாட்ச்? எனக்கு என்னவோ செய்கிறது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. படத்தில் அந்த வாட்ச் என்ன மணி காட்டுகிறது, பார்த்துச் சொல். அப்பாவிடமும் கேள்.

மதி


முத்துப்பேட்டை
30.3.2025

மதி,

மணி தெரியவில்லை. நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். பெரிசு பண்ணியதில் முள் கலங்கிவிட்டது.

அப்பாவிடம் கேட்டேன். உளுந்துச் செடி பிடுங்கி வைத்த வரப்பில் உட்கார்ந்திருந்தார். ஒரு செடியை எடுத்து வேர் மண்ணை உதறினார். அப்புறம் அவராகச் சொன்னார்.

"உங்கம்மா டீச்சர்டா."

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஊர்ப் பால்வாடியில் இரண்டு வருஷம் டீச்சராக இருந்திருக்கிறாள். முதல் சம்பளத்தில் சாவி கொடுக்கிற வாட்ச் ஒன்று வாங்கியிருக்கிறாள். இங்கே வந்தபிறகும் கட்டியிருந்தாளாம். "நடவுக்கு வந்த பொம்பளைங்க, 'டீச்சர், மணி என்ன டீச்சர்?'னு நாத்துக்கட்டைக் கையில வெச்சுக்கிட்டே கிண்டல் பண்ணுவாளுவ. எனக்கு ரோசம். சேத்துல இறங்குற கையில இது எதுக்குன்னு நான்தான் சொன்னேன். கழட்டிப் பொட்டியில வெச்சா. அப்புறம் யாரு கேட்டாலும், எனக்கு எதுக்கு வாட்ச், குக்கர் விசிலு போதும்னு சொல்லுவா" என்றார். சொல்லிவிட்டு எழுந்து பம்ப்செட் பக்கம் போனார். மோட்டார் போடுகிற நேரமில்லை அது.

நான் வந்து அம்மாவின் பச்சை டிரங்குப் பெட்டியைத் துழாவினேன். அடியில் ஒரு சிவப்பு அட்டைப் பெட்டி. பஞ்சு இருக்கிறது, வாட்ச் இல்லை.

இப்போதுதான் வீட்டில் வினை ஆரம்பித்திருக்கிறது. அம்மா போனபிறகு அந்தப் பெட்டியைத் துடைத்து அடுக்கி வைத்தது கயல்விழி. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் "பொட்டி யாரு கையில இருந்துச்சு?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். அவளுக்குப் புரியாதா? "இந்த வீட்டுல பன்னண்டு வருசம் இருந்ததுக்கு நல்ல பேரு" என்று சொல்லிவிட்டு அழுகிறாள். அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பையை எடுத்து வைத்திருக்கிறாள். யாரை நான் சமாதானப்படுத்துவேன்? அம்மா இருந்தால் ஒரு அதட்டலில் முடித்திருப்பாள்.

பரிதி


ஓசூர்
3.4.2025
(விரைவுத் தபால்)

அண்ணே,

முதலில் அண்ணியிடம் போய்ச் சொல். பையை உள்ளே வைக்கச் சொல். அப்பாவிடமும் சொல். அந்த வாட்சைக் கட்டிக்கொண்டு போனது நான்.

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சென்டர் போட்டிருந்தார்களே, பஸ்ஸில் போனேனே, அப்போது. முதல் நாள் காலையில் அம்மா அந்தச் சிவப்புப் பெட்டியிலிருந்து எடுத்து, சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்டுவிட்டு என் கையில் கட்டினாள். "நேரம் பாத்து எழுதுடி, எல்லாத்தையும் முதல் கேள்விக்கே எழுதிடாத" என்றாள். இது யாருடையது என்று நான் கேட்கக்கூட இல்லை. வீட்டில் கிடந்த பழைய சாமான் என்று நினைத்தேன்.

கூட வந்த பிள்ளைகள் சிரித்தார்கள். "ஏய், உங்க தாத்தா வாட்சா?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு மானம் போய்விட்டது. இங்கிலீஷ் பரீட்சை அன்றைக்குக் குழாயடியில் கை கழுவுகிற மாதிரி கழற்றி, சுவர் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறந்து வைக்கவில்லை அண்ணே. வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, பஸ் கூட்டத்தில் அறுந்து விழுந்துவிட்டது என்று அழுதேன். அம்மா என் தலையைத் தடவி, "போனாப் போவுது. எனக்கு எதுக்கு வாட்ச்? குக்கர் விசிலு போதாதா?" என்றாள். நான் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

பதினெட்டு வருஷம் இது என் ஞாபகத்திலேயே இல்லை. உன் கடிதத்தில் சிவப்புப் பெட்டி என்று படித்ததும் எல்லாம் வந்துவிட்டது. நானும் ஒரு டீச்சர்தானே, நேற்று எனக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு அறைக் கண்காணிப்பு. இருபது பிள்ளைகளின் மணிக்கட்டையும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்தக் கையை ஒட்டி வைத்தது என்னைக் கேட்கத்தானா அண்ணே? "எங்கேடி என் வாட்ச்?" என்று கேட்கிறாளா?

மதி


முத்துப்பேட்டை
8.4.2025

மதி,

கயல்விழி பையைப் பிரித்துவிட்டாள். உன் மேல் கோபம் இல்லை, என் மேல்தான். "உங்க தங்கச்சி சொல்லலேன்னா நீங்களும் நம்பியிருப்பீங்கல்ல?" என்று கேட்டாள். அப்பா அவளிடம் நேரடியாக மன்னிப்புக் கேட்கவில்லை, கடைத்தெருவுக்குப் போய் அவளுக்குப் பிடித்த இறால் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். உன் கடிதத்தை ஆபீசில் உட்கார்ந்து படித்தேன். "குழாயடி" என்ற இடத்தில் எனக்கு மேலே படிக்க முடியவில்லை.

அந்த இங்கிலீஷ் பரீட்சை அன்றைக்குச் சாயங்காலம் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "மதி பள்ளிக்கூடத்துல ஒரு சாமானை வெச்சுட்டு வந்துட்டா, வா போயிட்டு வந்துடுவோம்" என்றாள். பெரியப்பாவின் மொபெட்டை வாங்கிக்கொண்டு போனோம். பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. வாட்ச்மேனிடம் கெஞ்சி உள்ளே போனாள். நேரே குழாயடிக்குத்தான் போனாள். சுவர் மேல் பார்த்தாள், கீழே பார்த்தாள், அப்புறம் முட்டி போட்டு உட்கார்ந்து, கழுவின தண்ணீர் போகிற சாக்கடையில் கையை விட்டுத் துழாவினாள். முழங்கை வரைக்கும். "என்னம்மா தேடுற?" என்றேன். "டிபன் பாக்ஸ் மூடி" என்றாள். மூடி வீட்டில் கழுவிக் கவிழ்த்திருந்ததை நான் பார்த்திருந்தேன். இருந்தும் கேட்கவில்லை. பசி எனக்கு, சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தது.

ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது பின்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "மதிகிட்ட நாம வந்ததைச் சொல்லிடாத. நாளான்னிக்கு அவளுக்குக் கணக்குப் பரீட்சை."

நீ பஸ்ஸில் விழுந்தது என்றுதான் சொன்னாய். அவள் ஏன் குழாயடிக்குப் போனாள்? எப்படித் தெரியும்? யாராவது பார்த்துச் சொன்னார்களா, உன் முகத்திலேயே எழுதியிருந்ததா? இனி யாரைக் கேட்பது? அவளுக்குத் தெரியும் என்பது மட்டும் எனக்கு நிச்சயம். தெரிந்துதான் உன் தலையைத் தடவியிருக்கிறாள்.

படத்தை என்ன செய்யட்டும்? அப்பா இப்போது, "அவ வந்து சொல்லட்டும்" என்கிறார்.

பரிதி


ஓசூர்
16.4.2025

அண்ணே,

படம் இருக்கட்டும். யாரும் தொடாதீர்கள்.

வாழ்க்கைக் குறிப்பைத் திரும்ப அச்சடிக்க வேண்டும். செலவு என்னுடையது. "அம்சவல்லி டீச்சர்" என்று ஆரம்பி. பால்வாடி, வாட்ச், நடவு, எல்லாம் எழுது. அப்பா வேண்டாம் என்று சொன்னதையும் எழுது, அவர் ஒத்துக்கொள்வார். நான் குழாயடியில் வைத்துவிட்டு வந்ததையும் எழுது. பெரியப்பா படிக்கட்டும். விருந்தோம்பலை எடுத்துவிடு.

என்னைக் கேட்கத்தான் அந்த வாட்சைக் கட்டினாளா, இல்லை தனக்காகவே ஆசைப்பட்டாளா என்று எட்டு நாளாகக் குழம்புகிறேன். ஒரு நேரம் இது, ஒரு நேரம் அது. தனக்காக என்றே இருக்கட்டும் அண்ணே. நம் இருவரையும் நினைக்காமல் அவள் ஒரே ஒரு காரியமாவது செய்திருக்கட்டும்.

நேற்றுக் கடைசிப் பரீட்சை. என் அறையில் கடைசி பெஞ்சில் ஒரு பெண், அந்த வகுப்புச் சுவரில் கடிகாரம் இல்லை, எழுந்து நின்று, "டீச்சர், மணி என்ன டீச்சர்?" என்று கேட்டாள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. பழக்கத்தில் கையைத் தூக்கிப் பார்த்தேன். வெறும் கை. பத்தாம் வகுப்புக்கு அப்புறம் நான் வாட்ச் கட்டியதே இல்லை அண்ணே. ஏன் கட்டவில்லை என்று ஒரு நாளும் யோசித்ததும் இல்லை. அந்தப் பெண் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து அறைக்கு ஓடிப்போய்ப் பார்த்து வந்து சொன்னேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். உன் நம்பர் மேல் போட்ட பிளாக்கை எடுத்துவிட்டேன், ஆனால் கூப்பிடாதே, அழுதுவிடுவேன். ஸ்டாண்டிலேயே நில். வீட்டுக்குப் போகுமுன் எதிரே பாய் கடைக்குப் போக வேண்டும். அவர் மனைவியிடம் கையைக் காட்டச் சொல்லி, ஒரு தடவை பிடித்துக்கொள்ள வேண்டும்.

மதி